ஒற்றை ஆளுக்கு எந்தப் படகு?

மேட்டூர் முதல் மோகனூர் வரை காவிரியில் தூண்டிலோடு தனியாக இறங்க நினைப்பவர்களுக்கு

லாரிக்குப் பேர்போன நாமக்கல் பக்கம், மீன் பிடிக்க வசதியில்லாதவரின் படகும் லாரியிலிருந்துதான் வந்தது. ஒட்டுப் போட்டுப் போட்டு இனி ரோட்டுக்கு ஆகாது என்று பட்டறையில் ஒதுக்கிய 10.00-20 டியூப் ஒன்று கிடைத்தால் போதும். காற்றடித்து, நடுவில் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, மேலே ஒரு பலகையை வைத்துவிடலாம். அதில் உட்கார்ந்து காலால் உதைத்துக்கொண்டே ஏரியின் நடுவுக்குப் போய் வலை விட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. கணக்குப் பார்த்தால் அந்த டியூப் அடைத்துக்கொள்ளும் இடம் நூறு லிட்டரைத் தாண்டும். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ மிதக்கும். ஓர் ஆளும் அவர் பிடித்த மீனும் கரை சேர அது தாராளம். ஆனால் டியூப்புக்கு ஒரே அறைதான். ஒரு முள் குத்தினால் அத்தனையும் போச்சு.

இந்த டியூப்புக்கு இப்போது ஒரு பணக்காரப் பங்காளி வந்திருக்கிறார். எட்டு, ஒன்பது அடி நீளத்தில் இரண்டு காற்றுக் குழாய்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகச் சட்டம், நடுவில் முதுகு சாயும் நாற்காலி, கால் ஊன்றக் கம்பி, இரண்டு பக்கமும் துடுப்பு. சட்டத்தைக் கழற்றிக் காற்றை இறக்கினால் கார் டிக்கியில் அடங்கிவிடும். அமெரிக்காவின் மேற்கு மாகாணங்களில் ட்ரௌட், ஸ்டீல்ஹெட் மீன்களைத் தேடித் தனியாக மலையாறுகளில் இறங்குகிறவர்கள் பயன்படுத்திப் பிரபலமானது இந்த பான்டூன் படகு. யூடியூப்பில் அதைப் பார்த்துவிட்டு, சேலத்திலும் ஈரோட்டிலும் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்கள் ‘நம்ம காவிரிக்கு இது ஒத்து வருமா?’ என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஒத்து வரும். ஆனால் எல்லா இடத்திலும் அல்ல, எல்லா மாதமும் அல்ல. படகின் விலைப்பட்டியலைப் பிரிப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

ஒரே ஆறு, ஊருக்கு ஊர் வேறு தண்ணீர்

மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. அதன் பின்னால் தேங்கி நிற்கும் ஸ்டான்லி நீர்த்தேக்கம் 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. பண்ணவாடி, கோட்டையூர், சேத்துக்குளி, ஏமனூர், நாகமரை என்று அதைச் சுற்றி மீனவர் ஊர்கள். நீர்மட்டம் இறங்கும் கோடையில் பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். நீர் நிறைந்திருக்கும்போது இது கடலுக்குத் தம்பி. மதியம் ஏறும் காற்றில் அலை எழும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், காற்றடைத்த குழாய் எம்மாத்திரம்? பான்டூன் படகு தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்பது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளே பாதி பாய்மரம். கரையோரக் குடாக்களை விட்டு நடு நீர்த்தேக்கத்துக்குப் போக அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அணைக்குக் கீழே கதை மாறுகிறது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின் உற்பத்திக்காக வரிசையாகக் கதவணைகள். பவானி வந்து கலந்த பிறகும் சோழசிரமணி வரை அந்த வரிசை நீள்கிறது. இடையிலுள்ள ஆறு பெரும்பாலும் ஓடுவதில்லை, நிற்கிறது. எடப்பாடிக்குப் பக்கத்திலுள்ள பூலாம்பட்டியைக் ‘குட்டிக் கேரளா’ என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருவதும் இந்தத் தேங்கிய தண்ணீரால்தான். சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் அக்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் விசைப்படகு போய் வருகிறது. முதல்முறை துடுப்புப் பிடிப்பவருக்கு இதைவிட நல்ல தண்ணீர் இந்தப் பக்கம் இல்லை. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியை நெருங்க நெருங்க ஆகாயத்தாமரை மண்டும். சாயப்பட்டறைக் கழிவைப் பற்றி நாளிதழ் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதா என்பது அவரவர் துணிச்சல்.

ஜேடர்பாளையம் படுகை அணையைத் தாண்டினால் மூன்றாவது காவிரி. ராஜவாய்க்கால் பிரிந்துபோன பிறகு ஆறு அகன்று, மணல் திட்டும் நாணலும் பாறையுமாகப் பரமத்தி வேலூர், மோகனூர் என்று போகிறது. ஒரு பக்கம் முழங்கால் தண்ணீர், நாலு எட்டு வைத்தால் கசம். சேலத்துச் சாக்கடையையெல்லாம் சுமந்துவரும் திருமணிமுத்தாறு நஞ்சை இடையாறு அருகே வந்து சேர்வதும் இங்கேதான். இந்தத் தண்ணீருக்கு அடி தட்டையான, இரண்டு மூன்று அங்குல ஆழத்திலும் தரை தட்டாத படகு வேண்டும். தரை தட்டினால் ஒற்றை ஆளாக இறங்கி இழுத்துப்போகவும் முடிய வேண்டும்.

கவிழ்த்துப் போட்ட உத்தி

இந்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் எப்போதோ தீர்த்து வைத்த ஒரு படகு நம் ஊர்க் கரையிலேயே கவிழ்ந்து கிடக்கிறது. பரிசலைத்தான் சொல்கிறேன். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயஸ், தோல் போர்த்திய வட்டக்கூடைப் படகில் ஆட்கள் ஆற்றைக் கடப்பதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். யூப்ரடீஸ் நதியில் வட்டத் தோல் படகுகள் ஓடியதைக் கிரேக்கத்து ஹெரோடோட்டஸ் அதற்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பதிந்தார். வேல்ஸ் நாட்டின் டைஃபி ஆற்றில் மீனவர்கள் ஆளுக்கொரு சிறு பரிசலில் இருவர் இருவராக இறங்கி, நடுவில் ஒரு வலையைப் பிடித்துக்கொண்டு மீன் பிடிப்பார்கள். முடிந்ததும் படகை முதுகில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதாகத் தெரியவில்லை. ஆற்றில் ஒற்றை ஆளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஒகேனக்கல்லில் மூங்கில் பரிசல் பின்னுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆணி ஒன்றுகூடக் கிடையாது. மூங்கிலைப் பிளந்து சீவிய பட்டைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவிலிருந்து பின்னிக்கொண்டே வந்து, ஓரத்தை மடக்கி நிமிர்த்தி, விளிம்பில் மூங்கில் வளையத்தை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். தேர்ந்த கைக்கு ஒரு நாள் வேலை. முன்பு மேலே மாட்டுத்தோல். பிறகு பிளாஸ்டிக் தாளும் தாரும். பின்னல் என்பதால் பாறையில் மோதினாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும்.

பரிசலின் சாமர்த்தியம் அதன் அடிப்பரப்பில் இருக்கிறது. அடி ஆறடி விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் தண்ணீரில் அமிழ்ந்தாலே அறுபத்தைந்து கிலோ தாங்கும். அதாவது, ஒல்லியான ஓர் ஆள் ஏறினால் ஓர் அங்குலம், மீனும் வலையும் ஏறினால் இன்னோர் அங்குலம், பரிசலின் சொந்த எடைக்குக் கொஞ்சம். மோகனூர் மணல் திட்டின் மேல் மிதந்து போக வேறு என்ன வேண்டும்? மூங்கில் பரிசலைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு ஒருவரே நடந்து போய்விடலாம், வெயிலுக்குக் குடையாகவும் ஆயிற்று.

ஆனால் ஓட்டுவது லேசு அல்ல. ஒற்றைத் துடுப்பு. படகில் போலப் பின்னாலிருந்து தள்ளினால் பரிசல் நின்ற இடத்தில் கிறுகிறுவென்று சுற்றும். விளிம்பை ஒட்டி முன்பக்கம் உட்கார்ந்து, துடுப்பை எதிரே ஊன்றித் தண்ணீரைத் தன் பக்கம் வாரி இழுக்க வேண்டும். இரண்டு கையும் துடுப்பில் இருக்கும்போது தூண்டிலை யார் பிடிப்பது? மேட்டூரில் வலை போடும் பரிசல்களில் கணவன் மனைவியாக இருவர் போவதன் நியாயம் இதில் இருக்கிறது: ஒருவர் துடுப்பு, ஒருவர் வலை. வேல்ஸ்காரர்கள் ஒற்றைக் கையால் துடுப்பைப் போட்டுக்கொண்டே மறுகையில் வலையைப் பிடிப்பார்கள் என்றால், அது பிறந்ததிலிருந்து பழகிய கை.

இப்போது நீர்த்தேக்கத்திலும் கதவணைகளிலும் கண்ணாடியிழைப் பரிசல்களும் மிதக்கின்றன. ஊரில் ஃபைபர் பரிசல் என்கிறார்கள். ஆண்டுதோறும் தார் பூசும் வேலை மிச்சம். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளிகளுக்குப் பொதுப்பிரிவில் 40 விழுக்காடும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடும் மானியம் உண்டு. மீனவர்களுக்குப் படகும் வலையும் வாங்க அது உதவுகிறது. தொழில்முறை மீனவருக்கான மானியம் அது. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர் அந்த வரிசையில் போய் நிற்கக் கூடாது.

காற்றின் கணக்கு

இனி பங்காளியைப் பார்ப்போம். பான்டூன் படகின் பெரிய பலம் இரண்டு குழாய்கள். எட்டடி நீளம், பதினான்கு அங்குல விட்டம் உள்ள ஒரு குழாய் சுமார் 230 லிட்டர். இரண்டும் சேர்ந்து 460. ஆனால் இந்த அளவுப் படகுகளில் பெரும்பாலும் 150 முதல் 180 கிலோ வரைதான் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். ஏமாற்று இல்லை, அதுதான் சரியான கணக்கு. குழாய் பாதிக்குமேல் மூழ்கினால் துடுப்புக்கு அடங்காது, அலை மடியில் ஏறும். எழுதியதிலும் மூன்றில் இரண்டு பங்கை உங்கள் எல்லையாக வையுங்கள். எண்பது கிலோ ஆள், பதினைந்து கிலோ சாமான், நங்கூரம், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுத் தூக்கு என்றால் 150 கிலோ படகு சரி. நூறு கிலோ ஆள் அதற்கு மேல் போக வேண்டும். ‘120 கிலோ’ என்று போட்டு விற்கும் ஒற்றை அறை மிதவைகள் நீச்சல் குளத்துப் பொம்மைகள். ஆற்றுக்கு வேண்டாம்.

ஒரு குழாய் போனாலும் இன்னொன்று இருக்கிறது என்பது உண்மை. ஆனால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆளைக் கொட்டிவிடும். பிறகு அது படகு இல்லை, பிடித்துக்கொண்டு மிதக்க ஒரு கட்டை. அதற்குத்தான் உயிர்காப்புச் சட்டை. அதை நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவைப்பதற்கும் வீட்டில் வைத்துவிட்டு வருவதற்கும் வித்தியாசம் இல்லை.

நம் வெயில் இந்தப் படகு பழகிய ஊர்களின் வெயில் அல்ல. காலையில் 25 டிகிரியில் இரண்டரை பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடித்துக் கரையில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறீர்கள். குழாய்க்குள் வெப்பம் 50 டிகிரிக்கு ஏறினால் உள்ளழுத்தம் நான்கை நெருங்கிவிடும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தையலும் ஒட்டும் பிரிவது அப்போதுதான். எதிர்த்திசையிலும் கோளாறு உண்டு: உச்சி வெயிலில் விறைப்பாக அடித்த குழாய், ஆற்றுத் தண்ணீரில் குளிர்ந்து தொய்ந்துபோகும், சட்டம் ஆட்டம் காணும். ஆகவே கரையில் நிழலில் முக்கால் காற்று, தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டு மீதிக் காற்று. கரையேற்றியதும் முதலில் காற்றைக் குறைக்க வேண்டும், பிறகுதான் மீனை எண்ண வேண்டும். லாரி டயருக்குக் காற்றுப் பிடிக்கும் கம்ப்ரசரைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது.

அடுத்தது முள். படகு விற்கிறவர்கள் பாறையைப் பற்றிப் பேசுவார்கள். காவிரிக் கரையில் பாறையைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள்ளும், உடைத்துப் போட்ட பீர் பாட்டிலும். வெளியுறை தடித்த நெசவின் மேல் பி.வி.சி. பூசியதாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் இரண்டாவது அடுக்கு இருந்தால் நல்லது. கிழிந்தால் நம் பஞ்சர் கடைச் சொல்யூஷன் இதற்குப் பிடிக்காது. அது ரப்பருக்கானது. பி.வி.சி.க்கு என்று தனிப் பசை, அதே துணியில் ஒட்டு. படகோடு வந்த பழுதுப்பை தீர்ந்துபோனால் எங்கே வாங்குவது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பரிசல்காரர் கரையில் தீ மூட்டித் தார் உருக்கி அரை மணியில் முடிக்கும் வேலைக்கு, இங்கே கூரியரை எதிர்பார்த்துக் காத்திருக்க நேரும்.

சட்டம் இரும்பு என்றால் விலை குறைவு, எடை அதிகம், வர்ணம் உரிந்த இடத்தில் துரு. அலுமினியம் என்றால் விலை கூடும். மொத்த எடை இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து கிலோ வரை வரும். பூலாம்பட்டி மாதிரி வண்டி தண்ணீர் வரை போகும் துறையில் இது ஒரு பொருட்டில்லை. வாழைத் தோட்டத்து வரப்பில் தூரம் நடந்து இறங்க வேண்டிய மோகனூர்ப் பக்கத்துக் கரைகளில் அதைச் சுமந்து பார்த்தால்தான் மூங்கில் பரிசலின் அருமை புரியும்.

துடுப்பு விஷயத்தில் பான்டூன் ஜெயிக்கிறது. ஓடும் தண்ணீரில் முகத்தை நீரோட்டம் போகும் திசைக்கு வைத்து, எதிரே வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, துடுப்பைத் தன் பக்கம் இழுத்து வேகத்தைக் குறைக்கலாம். சில வகைகளில் காலில் துடுப்புச் செருப்பு மாட்டிக்கொண்டு இடத்திலேயே நிற்கலாம். இரண்டு கையும் தூண்டிலுக்கு மிச்சம். ஆகாயத்தாமரை ஓரத்தில் விரால் தூக்க இதைவிடத் தோதான ஆசனம் கிடையாது. நங்கூரத்தை மட்டும் ஓடும் தண்ணீரில் பக்கவாட்டில் கட்டாதீர்கள். கயிறு இழுத்து ஒரு குழாயைத் தண்ணீருக்குள் அமுக்கி, படகைப் புரட்டிவிடும். பின்பக்க நடுவில்தான் கட்ட வேண்டும், ஒரு சொடுக்கில் அவிழும் முடிச்சோடு, கையெட்டும் தூரத்தில் கத்தியோடு.

ஜிலேபிக்காகப் படகு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த அந்த ஆப்பிரிக்க மீன், கரையில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் தானே வந்து மாட்டிக்கொள்ளும். கட்லா, ரோகு வேண்டும், கசத்தில் வாளை வேண்டும், விரால் வேண்டும் என்றால் படகுக்கு நியாயம் இருக்கிறது.

திறந்துவிட்டார்களா?

படகைவிட முக்கியமான ஒரு தகவல் கரையில் இலவசமாகக் கிடைக்கும். ‘தண்ணி தொறந்திருக்காங்களா?’ என்று கேட்டுவிட்டு இறங்க வேண்டும். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர். மீதி மாதங்களில் பெரும்பாலும் குடிநீருக்கு மட்டும். பத்தாயிரம் கன அடி என்று செய்தியில் சாதாரணமாகக் கடந்து போகிறோமே, அது நொடிக்கு 283 டன் தண்ணீர். 2022 ஆகஸ்டில் வெளியேற்றம் இரண்டு லட்சம் கன அடியைத் தாண்டியபோது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரத்தினர் வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாம்களுக்குப் போனார்கள். கதவணைகளுக்கு அவையவற்றுக்கென்று நேரம் உண்டு. மின் உற்பத்திக்கு ஏற்பக் கீழே தண்ணீர் ஏறும், இறங்கும். முழங்கால் தண்ணீரில் நங்கூரம் போட்டவர் சற்று நேரத்தில் இடுப்பளவு ஓட்டத்தில் இருக்கலாம். சங்கு ஊதினால் கரை. கதவணைக்கு மேல்பக்கம் மதகை நெருங்கவே கூடாது.

எங்கே இறங்கலாம் என்பதிலும் வரம்பு இருக்கிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்வளத்துறை உரிமம் பெற்ற மீனவர்களுக்கே மீன்பிடி உரிமை. மாலையில் அவர்கள் விட்ட தங்கூஸ் வலை விடியும்வரை தண்ணீருக்குள் நிற்கும். நாற்காலியில் சாய்ந்தபடி அதன் மேல் துடுப்பைப் போட்டு அறுத்துவிட்டு ‘சாரிங்க அண்ணா’ என்றால், அண்ணன் என்ன சொல்வார் என்று நான் எழுத முடியாது. மேலே ஒகேனக்கல், தருமபுரிக் காட்டுப் பகுதியில் 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. முதலையும் நீர்நாயும் வாழும் தண்ணீர் அது. அழிவின் விளிம்பில் இருக்கும் காவிரியின் திமில் மஹ்சீர் மீனுக்கும் அந்தப் பக்கத்து ஆறுகளே மிச்சமிருக்கும் வீடு. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் வேன் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு. அப்படி ஒன்றைத் தேடிப் படகோடு காட்டுக்குள் போனால் வனத்துறை வழக்குப் போடும், போடத்தான் வேண்டும்.

ஆற்றங்கரையில் வீடு இருந்து, தினமும் இறங்குகிறவர் பழைய ஃபைபர் பரிசல் ஒன்றைத் தேடி வாங்குவதே நல்லது. கீறல் தெரியும், ஓட்டை தெரியும், மறைக்க எதுவும் இல்லை. கற்றுக்கொடுக்க ஆளும் பக்கத்திலேயே இருக்கிறார். சேலத்திலோ நாமக்கல்லிலோ மாடி வீட்டில் இருந்துகொண்டு, மாதம் ஒருமுறை காரில் வருகிறவருக்கு பான்டூன் பொருந்தும்: எட்டடிக்குக் குறையாமல், இரண்டு குழாயும் தனித்தனியாக, 150 கிலோவுக்குக் குறையாமல். மோட்டார் மாட்டும் வசதி, கோப்பை தாங்கி, மீன் காட்டும் கருவிக்கு இடம் என்று விலையை ஏற்றும் எதுவும் முதல் வருஷத்துக்கு வேண்டியதில்லை.

வாங்கியதும் முதல் வெள்ளோட்டத்தைப் பிப்ரவரி, மார்ச்சில் பூலாம்பட்டிப் பக்கம் வையுங்கள், காற்று எழும் முன், காலையில், விசைப்படகு போகும் வழியை விட்டு ஒதுங்கி. போவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. பராமரிப்புக்காகக் கதவணைத் தண்ணீரை அவ்வப்போது முழுக்கத் திறந்துவிடுவார்கள். அந்த வாரம் விசைப்படகும் ஓடாது. ஆள் ஆளுக்குக் குட்டையில் இறங்கிக் கையாலேயே மீனை அள்ளிக்கொண்டிருப்பார்கள்.